இவ்வளவு சின்னக் கடையை எவன் ஹேக் பண்ணப் போகிறான்?

கேள்வி, 2025 பிப்ரவரி 3

மாதத்துக்கு முப்பது நாற்பது ஆர்டர் வரும் சின்ன ஆன்லைன் கடை எனக்கு. வேர்ட்பிரஸ் மென்பொருளில் கட்டியது, அதன் மேல் கடை நடத்த வூகாமர்ஸ். கார்டு விவரம் எதையும் நான் சேமிப்பதில்லை, எல்லாம் பேமென்ட் கேட்வே பார்த்துக்கொள்கிறது. முகவரிப் பட்டையில் பூட்டும் இருக்கிறது. தளம் செய்து கொடுத்தவர் ஆண்டுச் சந்தா கட்டி ஒரு பாதுகாப்பு ப்ளகின் (வேர்ட்பிரஸில் கூடுதலாகச் சேர்க்கும் துணை நிரல்) போடச் சொல்கிறார். காசு பிடுங்கும் வேலை என்றே தோன்றுகிறது. இவ்வளவு சின்னக் கடையை எவன் ஹேக் பண்ணப் போகிறான்?

பிப்ரவரி 3, மாலை

இதே வாக்கியத்தை நான்கு வருடம் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். எவனும் பண்ணவில்லை, அது உண்மைதான். பண்ணியது ஒரு ஸ்கிரிப்ட். கடை சின்னதா பெரியதா என்று பார்க்க அதற்குக் கண் கிடையாது.

கையால் பைண்டிங் செய்த நோட்டுப் புத்தகங்கள் விற்கிறேன், மொத்தம் அறுபது பொருள்தான் தளத்தில். ஒரு நாள் வாடிக்கையாளர் ஒருவர் கூகுள் தேடல் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பி, "நீங்கள் ஜப்பானிய கைப்பை விற்க ஆரம்பித்துவிட்டீர்களா?" என்று கேட்டார். என் கடைப் பெயர், கீழே வரிவரியாக ஜப்பானிய எழுத்து. பதறிப்போய்த் தளத்தைத் திறந்தேன். ஒன்றுமே இல்லை. முகப்பு சரி, பொருள் பக்கங்கள் சரி, ஆர்டர் போட்டுப் பார்த்தேன், அதுவும் சரி. அவருடைய கணினியில்தான் வைரஸ் என்று பதில் அனுப்பினேன். இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

இரண்டு நாள் கழித்துத்தான் கூகுளில் சைட் என்று போட்டு முக்காற்புள்ளி வைத்து என் டொமைனைத் தட்டினேன். ஆயிரக்கணக்கில் பக்கங்கள். அறுபது பொருள் உள்ள கடைக்கு ஆயிரக்கணக்கில். வந்திருப்பது கூகுளின் தேடல் தானியங்கி என்றால் போலிப் பிராண்டுப் பொருள் பக்கத்தைக் காட்டு, மற்றவர் என்றால் வழக்கமான பக்கத்தைக் காட்டு என்று சர்வரில் ஒரு நிபந்தனை எழுதி வைத்திருந்தார்கள். கடைக்காரன் தினமும் வந்து பார்ப்பான் என்று தெரிந்து செய்த வேலை. இதற்கு ஜப்பானிய கீவேர்ட் ஹேக் என்றே பெயர். கூகுளே இதற்குத் தனியாக ஒரு உதவிப் பக்கம் வைத்திருக்கிறது என்றால் எத்தனை பேர் அடிவாங்கியிருப்பார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு ப்ளகினை அப்டேட் செய்யாமல் விட்டதுதான் காரணம். அப்டேட் பண்ணுங்கள், அவ்வளவுதான்.

பிப்ரவரி 3, இரவு

பூட்டு பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். உங்கள் பிரவுசருக்கும் சர்வருக்கும் நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதைத் தவிர அந்தப் பூட்டு வேறெதையும் சொல்லவில்லை. மறுமுனையில் இருப்பவன் யோக்கியனா என்று அதற்குத் தெரியாது. 2015 டிசம்பரிலிருந்து லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு யார் கேட்டாலும் அந்தப் பூட்டுக்கான சான்றிதழை இலவசமாகத் தருகிறது, திருட்டுத் தளங்களும் வரிசையில் நின்று வாங்கிக்கொள்கின்றன. என் தளம் ஜப்பானியக் கைப்பை விற்றபோதும் பூட்டோடுதான் விற்றது.

பிப்ரவரி 5

"என் தளத்தில் திருட என்ன இருக்கிறது?" என்று கீழே ஒருவர். தளமே இருக்கிறதே. சில வருடம் ஒழுங்காக நடந்த டொமைனுக்குத் தேடுபொறியிடம் கொஞ்சம் மரியாதை உண்டு, அதை இரவல் வாங்குகிறார்கள். உங்கள் சர்வரிலிருந்து ஸ்பேம் மெயில் அனுப்பலாம், வருகிறவர்களை வேறு தளத்துக்குத் திருப்பி விடலாம். கார்டு திருட்டு தனிக் கதை, அதற்கு வருகிறேன்.

நம்பிக்கை இல்லாவிட்டால் ஹோஸ்டிங் கன்ட்ரோல் பேனலில் அக்சஸ் லாக் என்று ஒன்று இருக்கும், ஒரே ஒரு நாளுடையதை இறக்கிப் படியுங்கள். நான் முதல்முறை படித்தபோது என் கடைக்கு இவ்வளவு கூட்டமா என்று ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டேன். முக்கால்வாசி வேர்ட்பிரஸ் லாகின் பக்கத்தைத் தட்டிக்கொண்டிருந்தது. மீதி, என்வ் என்ற அமைப்புக் கோப்பு இருக்கிறதா, பேக்கப் என்ற பெயரில் ஜிப் இருக்கிறதா, நான் வாழ்நாளில் கேள்விப்படாத ஒரு ஃபாரம் மென்பொருளின் நிர்வாகப் பக்கம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்க்கிறது. இருந்தால் லாபம், இல்லையென்றால் அடுத்த வீடு. உலகத்தில் பத்துத் தளத்தில் நான்குக்கு மேல் வேர்ட்பிரஸ் என்னும்போது கண்ணை மூடிக்கொண்டு தட்டினாலே போதும்.

புதுத் தளம் என்றாலும் தப்ப முடியாது. சான்றிதழ் வழங்கப்பட்ட ஒவ்வொரு டொமைனும் பொதுப் பதிவேட்டில் ஏறுகிறது, சர்டிஃபிகேட் டிரான்ஸ்பரன்சி என்று சொல்வார்கள். நல்ல நோக்கத்துக்காக வந்த ஏற்பாடு. அதையே பார்த்துக்கொண்டிருக்கும் தானியங்கிகளும் உண்டு. சும்மா ஒரு சப்டொமைன் திறந்து சான்றிதழ் வாங்கி லாகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டீ குடித்து முடிப்பதற்குள் முதல் தட்டு விழுந்தது.

பிப்ரவரி 6

முதல் பதிவில் ப்ளகின்தான் காரணம், அப்டேட் பண்ணுங்கள், அவ்வளவுதான் என்று எழுதியிருக்கிறேன். அந்த "அவ்வளவுதான்" தப்பு. நேற்று இரவு பழைய குறிப்புகளை எடுத்துப் படித்த பிறகு எனக்கே வெட்கமாக இருக்கிறது, ஏனென்றால் என் கடையின் ப்ளகின்கள் எல்லாம் அன்றைக்கு அப்டேட் ஆகித்தான் இருந்தன.

நடந்தது இது. முதல்முறை, சந்தேகமான கோப்புகளை எல்லாம் தேடி அழித்தேன், இரண்டு நாளில் திரும்ப வந்தது. இரண்டாம் முறை பேக்கப்பிலிருந்து முழுத் தளத்தையும் மீட்டேன், அடுத்த நாளே வந்தது. அந்தப் பேக்கப் எடுத்த நாளிலேயே அது உள்ளே இருந்திருக்கிறது, நான் பூச்சியோடு சேர்த்து மூட்டை கட்டி வைத்திருக்கிறேன். மூன்றாம் முறை எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்றி, தெரியாத அட்மின் கணக்கு ஒன்றை நீக்கி, வேர்ட்பிரஸைப் புதிதாக இறக்கிப் போட்டு, நிம்மதியாகத் தூங்கினேன். ஒன்பது நாள் தூங்கினேன், சரியாகச் சொன்னால்.

கடைசியில் ஹோஸ்டிங் கம்பெனியின் உதவிப் பிரிவில் ஒரு பெண், மிகப் பொறுமையானவர், ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "புதுசு 2 என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறதே, அது என்ன சார்?"

மூன்று வருடத்துக்கு முன் தீம் மாற்றுவதற்காக முழுத் தளத்தையும் காப்பி எடுத்து ஒரு ஃபோல்டரில் போட்டுச் சோதித்தோம். தீம் மாற்றினோம், ஃபோல்டரை மறந்தோம். சோதனையின் நடுவில் எதுவும் தானாக மாறிவிடக் கூடாது என்று அதில் அப்டேட்டையும் நிறுத்தி வைத்திருந்தோம். வேர்ட்பிரஸ் 2013 அக்டோபரில் வந்த 3.7 பதிப்பிலிருந்து சின்னப் பாதுகாப்புத் திருத்தங்களைத் தானே போட்டுக்கொள்கிறது, நிறுத்தாமல் விட்டிருந்தால் மையக் கோப்புகளாவது பிழைத்திருக்கும். ப்ளகின்கள் அப்படி இல்லை, நாம்தான் ஒவ்வொன்றுக்கும் ஆட்டோ அப்டேட்டை இயக்கிவிட வேண்டும், 5.5 பதிப்பிலிருந்து அதற்கு வசதி இருக்கிறது. ஆக, மூன்று வருடப் பழைய ப்ளகின்களோடு ஒரு முழுக்கடை, பொதுவெளியில், பூட்டாமல். அதுவும் உண்மைக் கடையும் ஒரே ஹோஸ்டிங் பயனர் கணக்கில். அந்தப் பக்கம் நுழைந்தவன் இந்தப் பக்கம் எழுதலாம். முன்வாசலுக்கு மூன்று முறை பூட்டு மாற்றினேன், கொல்லைக் கதவு மூன்று வருடமாகத் திறந்தே கிடந்தது.

தேடிக் கண்டுபிடித்த சிலவற்றை எழுதி வைக்கிறேன், யாருக்காவது உதவும். அப்லோட்ஸ் ஃபோல்டர் படங்களுக்கானது, அங்கே பிஎச்பி கோப்பு, அதாவது சர்வரில் ஓடும் நிரல், கிடந்தால் பெரும்பாலும் நல்ல செய்தி இல்லை. அந்த ஃபோல்டரில் பிஎச்பி ஓடவே கூடாது என்று சர்வரில் தடுத்துவிடலாம். நான் முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை அது. கமாண்ட் லைன் கருவியான டபிள்யூபி சிஎல்ஐ இருந்தால், மையக் கோப்புகள் ஒவ்வொன்றும் அசலோடு ஒத்துப்போகிறதா என்று ஒரே கட்டளையில் சரிபார்க்கும். தீய கோப்புகளின் பெயர்கள் ரொம்பச் சாதுவாக இருக்கும், வேர்ட்பிரஸின் சொந்தக் கோப்பு போலவே, ஓர் எழுத்து மட்டும் கூட. கிரான் பட்டியலை, அதாவது சர்வர் குறித்த நேரத்தில் தானாகச் செய்யும் வேலைகளின் பட்டியலைப் பாருங்கள், அழித்த கோப்பை மணிக்கொரு முறை திரும்ப எழுதும் வேலை ஒன்று எனக்கு அங்கே கிடைத்தது. நம் தளம் கூகுள் தேடலில் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கூகுள் சர்ச் கன்சோலில் உரிமையாளர் பட்டியலையும் பாருங்கள். எனக்குத் தெரியாத ஒரு ஜிமெயில் முகவரி என் தளத்துக்கு உரிமையாளராக அங்கே ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. தன் ஜப்பானியப் பக்கங்கள் சீக்கிரம் பட்டியலில் ஏறட்டும் என்று சைட்மேப் (தளத்தின் பக்கங்களின் பட்டியல்) வேறு கொடுத்திருந்தது. என் கடைக்கு நான் ஒருநாளும் சைட்மேப் கொடுத்ததில்லை.

பிப்ரவரி 9

கேட்வே விஷயம். "கார்டு விவரம் என்னிடம் இல்லை" என்பது பாதிக் காப்பு.

கார்டு எண்ணைத் தட்டும் பெட்டி உங்கள் பக்கத்திலேயே இருந்தால், அந்தப் பக்கத்தில் ஓடும் எந்த ஸ்கிரிப்டும் விசைகளைப் படிக்க முடியும். பெட்டி கேட்வே தன் சர்வரிலிருந்து காட்டும் சட்டகத்துக்குள் தனியாக இருந்தாலும், கேட்வே பக்கத்துக்கு அனுப்பும் வகை என்றாலும், உங்கள் பக்கத்தைத் திருத்தக் கூடியவன் அதே மாதிரிப் போலிப் பெட்டியை அங்கே நிறுத்தலாம். 2018இல் பிரிட்டிஷ் ஏர்வேஸுக்கு நடந்தது இதில் முதல் வகை, தட்டுவதைப் படிக்கும் ஸ்கிரிப்ட். தளத்தில் ஏற்கெனவே இருந்த ஒரு ஜாவாஸ்கிரிப்ட் கோப்பில் 22 வரி சேர்த்தார்கள். 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரம் போனது. முதலில் 18.3 கோடி பவுண்டு அபராதம் என்று பேச்சு வந்து, 2020 அக்டோபரில் 2 கோடியாக இறங்கியது. திருடிய விவரம் போய்ச் சேர்ந்த டொமைனுக்கும் முறையான சான்றிதழ் இருந்தது. பூட்டு, பூட்டு.

பணம் செலுத்தும் பக்கத்தில் எத்தனை ஸ்கிரிப்ட் ஓடுகிறது என்று எண்ணிப் பாருங்கள். என்னிடம் பதினொன்று. சாட் பெட்டி, இரண்டு வகை வருகைக் கணக்கு, பனி விழுவது போல் காட்டும் ஒன்று (டிசம்பரில் போட்டது, எடுக்கவில்லை). பனி விழுவதற்கு என் வாடிக்கையாளரின் கார்டு எண் தெரியும் பக்கத்தில் என்ன வேலை? அதுவும் வேறு யாரோ சர்வரிலிருந்து வருவது. 2024 ஜூனில் பாலிஃபில் டாட் ஐஓ விவகாரம் வந்தபோது இதைத்தான் நினைத்தேன். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள் நம்பி இழுத்துக்கொண்டிருந்த ஸ்கிரிப்ட், அந்த டொமைன் கை மாறிய சில மாதத்தில் வருகிறவர்களைத் தவறான தளங்களுக்குத் திருப்ப ஆரம்பித்தது. அந்த லட்சம் பேரில் ஒருவரும் தம் தளத்தில் ஓர் எழுத்தைக்கூட மாற்றியிருக்கவில்லை.

அடுத்தது முழுக்க என் முட்டாள்தனம். பணம் கட்டி முடித்ததும் வாடிக்கையாளர் "நன்றி" பக்கத்துக்குத் திரும்புவார் அல்லவா, அந்தப் பக்கம் திறந்தாலே ஆர்டர் "பணம் வந்தது" என்று மாறும்படி நானே ஒரு துண்டு நிரல் எழுதியிருந்தேன். முகவரியில் ஆர்டர் எண் மட்டும்தான் இருக்கும். ஒருவர் அந்த முகவரியை நேராகத் தட்டினார். மூன்று நோட்டு பார்சல் போய்விட்டது. மாதக் கடைசியில் கேட்வே கணக்கோடு ஒப்பிட்டபோதுதான் தெரிந்தது. பிரவுசர் வழியாக வரும் எதுவும் வாடிக்கையாளர் சொன்ன சொல், அவ்வளவே. பணம் வந்ததா என்பதைக் கேட்வே உங்கள் சர்வரோடு நேரடியாகப் பேசித்தான் சொல்ல வேண்டும். வெப்ஹுக் அதற்குத்தான். அதிலும் கையொப்பத்தைச் சரிபார்க்க வேண்டும், இல்லாவிட்டால் கேட்வே மாதிரி எவனும் பேசலாம். அப்புறம் தொகை. ஆர்டர் தொகையும் வந்த தொகையும் ஒன்றா என்று பார்க்காமல் விட்டால், ஒரே ஒரு காசு கட்டிவிட்டுப் பெட்டி பெட்டியாக வாங்கலாம்.

பிப்ரவரி 9, சற்று நேரம் கழித்து

அந்த மூன்று நோட்டுக்காரர் ஐந்து நட்சத்திரம் போட்டு, தாளின் தரம் பிரமாதம், விலைக்கு மேல் மதிப்பு என்று எழுதியிருந்தார். அந்த மதிப்புரையை நான் எடுக்கவில்லை.

பிப்ரவரி 11

கார்டு திருட்டுத் தனிக் கதை என்றேனே, விட்டுப்போனது. வேறெங்கோ திருடிய கார்டு எண்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றனவா என்று சோதிக்கச் சின்னக் கடைகளைத்தான் தேடுகிறார்கள். கடையிலேயே மலிவான பொருளைக் கூடையில் போட்டு, வரிசையாகக் கார்டுகளை ஓட்டுவார்கள். எனக்கு ஒரே இரவில் நானூற்றுச் சொச்சம் தோல்வியடைந்த முயற்சிகள், எல்லாம் ஒரு புத்தகக் குறி அட்டைக்கு. காலையில் கேட்வேயிலிருந்து உங்கள் கணக்கை நிறுத்த வேண்டியிருக்கும் என்று கடிதம். திருட்டில் எனக்குப் பங்கே இல்லை, ஆனால் கெட்ட பெயர் என் கணக்கில். செக்கவுட்டில் ஒரு கேப்சா, ஒரே ஐபி முகவரியிலிருந்து (இணைய இணைப்பின் எண்) இத்தனை முயற்சிக்கு மேல் கூடாது என்று ஒரு கட்டுப்பாடு, இரண்டும் போட்ட பிறகு நின்றது. உங்கள் கேட்வேயிலும் இதற்கான அமைப்புகள் இருக்கும், தேடுங்கள்.

பிப்ரவரி 14

ஒருவர் மெயில் ஒன்றை ஒட்டியிருக்கிறார்: "மதிப்பிற்குரிய ஐயா, உங்கள் தளத்தில் மிக ஆபத்தான ஓட்டை கண்டுபிடித்திருக்கிறேன், வெகுமதி தருவீர்களா?" எனக்கும் மாதம் ஒன்று வருகிறது. ஓட்டை என்னவென்று சொல்லாமல் காசு கேட்பவருக்குப் பதில் எழுதத் தேவையில்லை. கேட்டுக் கேட்டு வாங்கினால் பெரும்பாலும் "உங்கள் டொமைனில் டிமார்க் பதிவு இல்லை" என்பார்கள். டிமார்க் என்பது, நம் டொமைன் பெயரில் வரும் போலி மெயிலை என்ன செய்வது என்று பெறுபவருக்குச் சொல்லும் குறிப்பு. ஒரு கருவியை ஆயிரம் டொமைன் மேல் ஓட்டிவிட்டு எல்லோருக்கும் அதே கடிதம்.

பிப்ரவரி 15

நேற்று கிண்டலாக எழுதிவிட்டேன், ஆனால் அந்த ஆள் சொன்னது சரி. டிமார்க் எனக்கு உண்மையிலேயே இல்லை. ஆர்டர் உறுதி மெயில் ஸ்பேமுக்குப் போகிறது என்று வாடிக்கையாளர்கள் புலம்பிக்கொண்டிருந்ததற்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது என்று எனக்கு வெகுநாள் உறைக்கவில்லை. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் கெடுபிடி. யார் அனுப்பினாலும் எஸ்பிஎஃப் (நம் பெயரில் மெயில் அனுப்பலாம் என்று நாம் அனுமதித்த சர்வர்களின் பட்டியல்) அல்லது டிகிம் (மெயிலில் இடும் மின் கையொப்பம்) இருக்க வேண்டும். ஜிமெயிலுக்கு நாளைக்கு 5,000க்கு மேல் அனுப்புபவருக்கு இரண்டும் வேண்டும், டிமார்க்கும் வேண்டும். நாம் 5,000 எங்கே அனுப்பப் போகிறோம், ஆனாலும் மூன்றையும் போடுங்கள். உங்கள் டொமைன் பெயரில் எவனோ உங்கள் வாடிக்கையாளருக்குப் போலி இன்வாய்ஸ் அனுப்புவதைத் தடுக்க அதுதான் வழி.

டிமார்க்கில் எடுத்த எடுப்பில் "நிராகரி" என்று வைத்துவிடாதீர்கள், நான் வைத்தேன். இன்வாய்ஸ்களை வேறொரு சேவை என் டொமைன் பெயரில் அனுப்பிக்கொண்டிருந்தது, அதை எஸ்பிஎஃப் பட்டியலில் சேர்க்கவில்லை, டிகிமும் அமைக்கவில்லை. ஒரு வாரம் ஒருவருக்கும் இன்வாய்ஸ் போகவில்லை. முதலில் "ஒன்றும் செய்யாதே, அறிக்கை மட்டும் அனுப்பு" என்று வைத்துச் சில வாரம் பாருங்கள். உங்கள் பெயரில் மெயில் அனுப்புபவை எத்தனை என்று அறிக்கையில் தெரியும். எனக்கு நான்கு வந்தது, அதில் ஒன்று என்னவென்று கண்டுபிடிக்கவே இரண்டு நாள்.

மார்ச் 2

பேக்கப் பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள்.

இந்த மாதம் 10ஆம் தேதியோடு நான்கு வருடம். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்கில் ஓவிஎச் என்ற ஹோஸ்டிங் நிறுவனத்தின் டேட்டா சென்டர் கட்டடம் ஒன்று எரிந்தே போனது. பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்களில் பலருக்கு இரண்டும் போனது. அதற்கும் முன்னால் 2017 ஜனவரி 31, நிரலாளர்கள் தங்கள் நிரல்களை வைத்திருக்கும் கிட்லேப் சேவை. ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் ஃபோல்டரை அழித்துவிட்டார், 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிச்சம். சரி, ஐந்து விதப் பாதுகாப்பு ஏற்பாடு இருக்கிறதே என்று போனால் ஒன்றும் ஒழுங்காக வேலை செய்யவில்லை. பேக்கப் தோல்வி அடைந்ததைச் சொல்லும் எச்சரிக்கை மெயில்கள்கூட, டிமார்க் சிக்கலால் யாருக்கும் போய்ச் சேரவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்த ஒரு காப்பி இருந்ததால் பிழைத்தார்கள். அத்தனை பொறியாளர்கள் உள்ள இடம் அது. என் கடையில் நான் ஒருவன், அதுவும் மாலை நேரத்தில் மட்டும்.

என் பேக்கப் ப்ளகின் தினமும் ஜிப் எடுத்து அதே ஹோஸ்டிங்கில், அதே பொது ஃபோல்டரில் போட்டுக்கொண்டிருந்தது, பெயரில் தேதி மட்டும். பெயரை ஊகித்தால் வாடிக்கையாளர் முகவரி, போன் நம்பர் எல்லாம் இறக்கிக்கொள்ளலாம். தானியங்கிகள் ஏன் பேக்கப் ஜிப்பைத் தேடுகின்றன என்று பிப்ரவரி 5இல் ஒய்யாரமாக எழுதினேனே, அவை தேடியது என்னுடையதைத்தான்.

இப்போது ஒரு காப்பி வேறொரு நிறுவனத்தின் சேமிப்பிடத்துக்குப் போகிறது, ஒன்று வீட்டு ஹார்ட் டிஸ்க்குக்கு. அதைவிட முக்கியமாக, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வெற்று இடத்தில் மீட்டுப் பார்க்கிறேன். முதல்முறை பார்த்தபோது படங்கள் எல்லாம் வந்தன, பொருள்கள் வந்தன, ஆர்டர்கள் பாதிதான். டேட்டாபேஸ் பெரியதானதிலிருந்து ஏற்றுமதி நடுவிலேயே நேரம் முடிந்து அறுந்துபோயிருக்கிறது. பேக்கப் ப்ளகினோ பச்சை டிக் போட்டுக்கொண்டிருந்தது.

மார்ச் 3

நேற்று எழுதியதில் ஒன்று விட்டுப்போனது. கடைத் தளத்தில் பேக்கப்பை மீட்டால் அந்த இடைவெளியில் வந்த ஆர்டர்கள் காணாமல் போகும். பத்திரிகை, வலைப்பூ மாதிரி இல்லை. எனக்கு நான்கு நாள் ஆர்டர்கள் போயின, "புதிய ஆர்டர்" என்று எனக்கு வரும் மெயில்களை ஒவ்வொன்றாகத் திறந்து கையால் திரும்ப ஏற்றினேன். அந்த மெயில்களை அழிக்காதீர்கள்.

மார்ச் 7

பாஸ்வேர்ட் கசிந்ததா என்று பார்க்க ஹேவ் ஐ பீன் போன்ட் தளத்தில் பாஸ்வேர்டையே தட்டச் சொல்கிறார்கள், பைத்தியமா என்று ஒருவர். நானும் அப்படித்தான் நினைத்தேன். தட்டியது அப்படியே போவதில்லை. உங்கள் பிரவுசரிலேயே அதன் எஸ்எச்ஏ-1 ஹாஷ் (பாஸ்வேர்டிலிருந்து கணக்கிட்ட ஓர் எழுத்துக்கோவை) எடுத்து, அதில் முதல் ஐந்து எழுத்தை மட்டும் அனுப்பி, அந்த ஐந்தில் தொடங்கும் கசிந்த ஹாஷ்களின் பட்டியல் முழுவதையும் வாங்கி, ஒப்பிடுவது உங்கள் பக்கம்தான். அழகான ஏற்பாடு. ஆனாலும் மனசு ஒப்பவில்லை என்றால் விடுங்கள், பாஸ்வேர்ட் மேனேஜரில் புதிதாக ஒன்று உருவாக்கிக்கொள்ளுங்கள், இரண்டாம் கட்டச் சரிபார்ப்பும் போடுங்கள், முடிந்தது.

ஏப்ரல் 20

இடையில் வரவில்லை, சீசன்.

டொமைன் பற்றி யாருமே கேட்கவில்லை. எனக்கு உயிர் போய் வந்தது அதில்தான், ஹேக்கில்கூட இல்லை. முதன்முதலில் தளம் செய்து கொடுத்தவர் டொமைனைத் தன் பெயரில், தன் மெயிலில் பதிவு செய்திருந்தார். நல்ல மனிதர், ஏமாற்ற நினைத்தவர் இல்லை, எனக்கு வேலை மிச்சம் என்று செய்தது. பிறகு அவர் வேலை மாறினார், மெயிலும் மாறினார். டாட் காம் போன்ற டொமைன்களுக்கு, முடிவதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் பதிவாளர் நிறுவனம் நினைவூட்ட வேண்டும் என்பது டொமைன் பெயர்களை மேற்பார்வையிடும் ஐகான் அமைப்பின் விதி. நினைவூட்டினார்கள். யாரும் திறக்காத ஒரு பெட்டிக்கு.

ஒரு காலை கடை இல்லை. மெயிலும் இல்லை, ஏனென்றால் மெயிலும் அதே டொமைனில். காலாவதியான டொமைன் உடனே அடுத்தவனுக்குப் போய்விடாது. சலுகைக் காலம் ஒன்று உண்டு, அது தாண்டினால் 30 நாள் மீட்புக் காலம் (கூடுதல் கட்டணத்தோடு), அப்புறம் அழிப்புக்குக் காத்திருக்கும் 5 நாள், அப்புறம் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். நான் மீட்புக் காலத்தில் மாட்டினேன். பழைய டெவலப்பரைத் தேடிப் பிடித்து, அவர் தன் பழைய மெயிலுக்கான பாஸ்வேர்டைத் தேடிப் பிடித்து, பன்னிரண்டு நாள்.

வேறு எவனாவது எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்தப் பன்னிரண்டு நாளும் யோசித்தேன். கடைப் பெயர் போவது ஒரு பக்கம். அந்த டொமைனுக்கு வரும் மெயில் எல்லாம் அவனுக்குப் போகும். "பாஸ்வேர்ட் மறந்துவிட்டது" என்று ஒவ்வொரு சேவையிலும் சொல்லிச் சொல்லியே கேட்வே கணக்கு வரைக்கும் போகலாம். அதனால், டொமைன் உங்கள் பெயரில் இருக்கட்டும். பதிவாளர் கணக்கின் மெயில் அதே டொமைனில் இருக்க வேண்டாம், வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டுகிற கதை அது.

ஜூன் 8

லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழ் முடியப்போகிறது என்று மெயில் அனுப்புவதை இந்த மாதம் நிறுத்திவிட்டது. அதை நம்பி இருந்தவர்கள் வேறு கண்காணிப்பு வைத்துக்கொள்ளுங்கள். 90 நாள் சான்றிதழ், தானாகப் புதுப்பித்துக்கொள்ளும், ஒருநாள் புதுப்பிக்காது. எனக்கு அப்படி ஒருநாள் வந்தது, நானே எழுதிய ஒரு ரீடைரக்ட் விதி (வருபவரை வேறு பக்கத்துக்குத் திருப்புவது), டொமைன் என்னுடையதா என்று பார்க்கும் சரிபார்ப்புக் கோப்பை மறைத்துவிட்டது. இனி காசு கொடுத்து வாங்கும் சான்றிதழ்களுக்கும் ஆயுள் குறையப் போகிறது, 2026 மார்ச்சில் 200 நாள், 2027இல் 100, 2029 மார்ச்சில் 47. கையால் புதுப்பிக்கிறேன் என்பவர்கள் காலண்டரைப் பார்த்துக்கொள்ளட்டும்.

ஜூலை 13

கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார். "எல்லாம் சரி, அந்தச் செக்யூரிட்டி ப்ளகினுக்குச் சந்தா கட்டவா வேண்டாமா?"

ஐந்து மாதம் எழுதியும் இதற்குப் பதில் சொல்லவே இல்லை, ஆமாம். நானும் ஒன்று வாங்கி வைத்திருந்தேன். கைப்பை விற்ற அத்தனை நாளும் அது பச்சையாகவே இருந்தது, உண்மைக் கடையை மட்டும் பார்த்துக்கொண்டு. புதுசு 2 ஃபோல்டர் அதன் கணக்கிலேயே இல்லை. வீண் என்று சொல்ல மாட்டேன். லாகின் தட்டல்களைத் தடுக்கிறது, கோப்பு மாறினால் சொல்கிறது. ஆனால் உங்களிடம் என்னென்ன இருக்கின்றன என்று உங்களுக்கே தெரியாதபோது அது எதைக் காக்கும்? முதலில் ஒரு தாளில் எழுதுங்கள்: எத்தனை ஃபோல்டர், எத்தனை சப்டொமைன், யார் யாருக்கு அட்மின் கணக்கு, டொமைன் யார் பெயரில், எந்த எந்தச் சேவை உங்கள் பெயரில் மெயில் அனுப்புகிறது. அதற்கப்புறம் கட்டுவதா வேண்டாமா என்று நீங்களே சொல்லுங்கள்.

இன்னொன்று, இதைச் சொல்லக் கொஞ்சம் தயக்கம். இந்த வேலை எல்லாம் உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் ஷாப்பிஃபை மாதிரி முழுவதும் அவர்களே நடத்தும் மேடைக்குப் போய்விடுங்கள். சர்வர், அப்டேட், செக்கவுட் எல்லாம் அவர்கள் தலைவலி. பாஸ்வேர்டும் டொமைனும், நீங்கள் சேர்க்கும் ஆப்களும் மட்டும் உங்கள் பாடு. நான் ஏன் போகவில்லை? செலவு, கட்டுப்பாடு என்றெல்லாம் காரணம் சொல்லி வந்தேன். உண்மையில் இரவு பதினொரு மணிக்கு லாக் படிக்க எனக்குப் பிடித்திருக்கிறது. நோட்டு பைண்டிங் செய்கிற ஆளுக்கு இது தேவையா என்று வீட்டில் கேட்கிறார்கள்.

அக்டோபர் 5

கேள்வி கேட்டவர் தாளில் எழுதிப் பார்த்தாராம். பழைய சோதனைக் காப்பி இரண்டு, இரண்டு வருடத்துக்கு முன் வேலையை விட்டுப்போனவரின் அட்மின் கணக்கு ஒன்று, என்னவென்றே தெரியாத ஒரு சப்டொமைன். ப்ளகின் சந்தாவையும் கட்டிவிட்டாராம், இரண்டுமே இருக்கட்டும் என்று. சரிதான்.

ஊருக்கு உபதேசம் செய்த கையோடு நானும் என் ஹோஸ்டிங்கைத் திறந்து முதல் வரியிலிருந்து படித்தேன். புதுசு 3 என்று ஒன்று இருக்கிறது. போன வருடத் தேதி. நான்தான் போட்டிருக்க வேண்டும், வேறு யாருக்கும் இப்போது அனுமதி கிடையாது. அழித்துவிட்டேன். அழிப்பதற்கு முன் எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு ஜிப் எடுத்தேன், அதை எங்கே வைத்தேன் என்று மட்டும் கேட்காதீர்கள், தேடிக்கொண்டிருக்கிறேன்.